வசைக்கூத்தும் பரதமும்

கூத்தை இரண்டிரண்டாகப் பகுத்துக் காண்பது பண்டைத் தமிழர் வழக்கம். அரசன் முன் ஆடுவது வேத்தியல்; ஊரார் முன் ஆடுவது பொதுவியல். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் வேறு சில இணைகளையும் எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று புகழ்க்கூத்தும் வசைக்கூத்தும். ஒருவருடைய பெருமையைப் பாடி ஆடுவது புகழ்க்கூத்து. எள்ளி நகையாடி, குறை சுட்டி ஆடுவது வசைக்கூத்து. இரண்டையும் கூத்து என்றே அவர் கொண்டார். ஒன்றைக் கலை என்று ஏற்றி, மற்றொன்றைக் கழிவு என்று தள்ளவில்லை.

மேலைநாட்டார் 'பர்லெஸ்க்' என்று வழங்கும் ஆடலைப் பற்றி நம் மன்றத்து நண்பர்களிடையே அண்மையில் ஒரு சொற்போர் எழுந்தது. பெங்களூரில் ஆண்டுக்கணக்கில் பரதம் பயின்ற ஒரு நங்கை அத்தகைய ஆடலை மேடையேற்றினார் என்ற செய்தியே அதற்குக் காரணம். "நன்றாகக் கற்றவள் அங்கே போய் ஏன் ஆட வேண்டும்?" என்றார் ஒருவர். "கற்றதை விற்றுவிட்டாள்" என்றார் இன்னொருவர். இவ்விருவரும் அவ்வாடலைக் கண்டவர் அல்லர். பத்தாண்டுகள் பரதம் பயின்றவள் என்ற முறையில் நான் சென்று கண்டேன். கண்டதையும், அதன் பின்னர் படித்து அறிந்ததையும் இங்கே விளக்க முற்படுகிறேன்.

பர்லெஸ்க் என்பது யாது?

'பர்லா' என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கேலி என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே பர்லெஸ்க். உயர்ந்தோர் போற்றும் காவியத்தையும் நாடகத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தலைகீழாக்கி நகைப்புக்கு இடமாக்குவதே அதன் முதல் தொழில். 1868-ஆம் ஆண்டில் லிடியா தாம்சன் என்னும் ஆங்கில நடிகை தம் குழுவினருடன் நியூயார்க் நகருக்குச் சென்றார். அக்குழுவில் பெண்களே ஆண் வேடம் தாங்கினர். கால்களை மூடிய நெடும்பாவாடையைத் துறந்து இறுக்கமான காலுறையில் ஆடினர். அன்றைய நடப்புகளையும் பெரிய மனிதர்களையும் கிண்டல் செய்தனர். காலைக் காட்டியது ஒரு குற்றம். பெண் வாய் திறந்து ஆணைக் கேலி செய்தது அதனினும் பெரிய குற்றம் என்று அன்றைய செய்தித்தாள்கள் சில சீறின.

பின்னர் இவ்வாடல் அமெரிக்காவில் பரவியது. கோமாளியின் நகைச்சுவையும், ஆடையணிகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடும் நடனமும் அதில் இடம் பெற்றன. ஜிப்சி ரோஸ் லீ என்பவர் இதில் பெரும்புகழ் பெற்றார். அவர் களைந்தது சிறிது, பேசியது பெரிது என்பர். ஒரு கையுறையைக் கழற்றும் நேரத்துக்குள் அவையை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. 1937-இல் நியூயார்க் நகர மேயர் லா கார்டியாவின் ஆட்சியில் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. சில பத்தாண்டுகள் ஒளி மங்கிக் கிடந்த அக்கலை 1990-களில் மீண்டும் தளிர்த்தது. இம்முறை அதில் இறங்கியவருள் பலர் பயிற்சி பெற்ற ஆடலர். இன்று இத்துறையில் உலகப் பெயர் பெற்ற டீட்டா வான் டீஸ் சிறு வயதில் பாலே நடனம் பயின்றவரே.

காபரே என்பது இதற்கு உறவு, ஆனால் இதுவே அன்று. உணவும் மதுவும் வழங்கும் விடுதியில் நடைபெறும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காபரே என்று பெயர். இடத்தால் வந்தது அப்பெயர். பர்லெஸ்க் என்பதோ குணத்தால் வந்த பெயர். அதன் உயிர் எள்ளல். எள்ளல் நீங்கினால் எஞ்சுவது வெறும் உடற்காட்சி. ஆகவே இதனை வசைக்கூத்து என்று தமிழில் வழங்குவது பொருத்தமே என்று கருதுகிறேன்.

ஒருத்தியே இரண்டும் ஆடினாள்

வேத்தியல் ஆடுபவள் பொதுவியல் ஆடலாகாது என்ற விதி நம் முன்னோரிடம் இருந்ததா? மாதவியைப் பாருங்கள். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்றாள். பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பரிசும் பெற்றாள். அதே மாதவி இந்திர விழாவின்போது பதினோராடல் ஆடினாள். அவற்றுள் ஒன்று பேடி. ஆண்மை திரிந்த கோலத்தில் காமன் ஆடிய ஆடல் அது. இன்று அதனை ஒரு கல்லூரி மேடையில் ஆடினால் எத்தனை பேர் முகம் சுளிப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். இளங்கோவடிகள் சுளிக்கவில்லை.

பயின்ற ஆடல் மகளிர் பல்சுவை மேடைக்குச் சென்றதற்கு ஏடறிந்த சான்றும் உண்டு. 1838-ஆம் ஆண்டில் கடலூரை அடுத்த திருவயிந்திபுரத்திலிருந்து ஆடல் மகளிர் ஐவரும் இசைக்காரர் மூவரும் ஒரு பிரெஞ்சு வணிகரின் ஏற்பாட்டில் கப்பலேறினர். கோயிலில் ஆடியவர்கள் பாரிஸ் நகரின் 'வாரியேத்தே' அரங்கில் ஆடினர். சிரிப்பு நாடகங்களுக்குப் பெயர்போன அரங்கம் அது. பின்னர் இலண்டனில் அடெல்பி அரங்கிலும் ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவரின் ஆடலில் பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே நெஞ்சைப் பறிகொடுத்தார். பார் என்னும் சிற்பி அம்மணியின் உருவத்தை வெண்கலத்தில் வடித்தார். கோயில் மண்டபத்திலிருந்து கேளிக்கை அரங்குக்கு வந்தபோது அவர்கள் கால்கள் மாறவில்லை, அடவு மாறவில்லை. பார்த்தவர் கண்ணும், நுழைவுச் சீட்டின் விலையுமே மாறின.

எதிர்த்திசையிலும் பாதை உண்டு. லா மெரி என்னும் அமெரிக்க நங்கை பல்சுவை மேடையில் ஆடத் தொடங்கியவர். 1930-களின் நடுப்பகுதியில் இந்தியா வந்து பரதம் பயின்றார். நம் பெங்களூரில் பிறந்த ராம் கோபாலைத் தம்முடன் ஆட அழைத்துக் கீழைநாடுகளுக்குச் சுற்றுப்பயணம் சென்றார். ராம் கோபால் பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, இந்திய நடனத்தை ஐரோப்பிய மேடைகளில் நிலைநாட்டினார். பல்சுவை மேடையில் வளர்ந்த ஒருத்தி கைகொடுத்ததால் அவருடைய கலை கெட்டுவிட்டதா?

சுவர் எழுந்த கதை

பரதத்துக்கும் கேளிக்கை நடனத்துக்கும் இடையே இன்று நாம் காணும் சுவர் மிகப் பழையதன்று. மைசூர் அரசு 1909-இல் கோயில்களில் ஆடல் மகளிர் பணியை நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சிறுமியரைப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது நன்று, அதில் ஐயமில்லை. ஆனால் கொடுமையோடு சேர்த்துக் கலைஞரின் பிழைப்பும் போயிற்று. அதே காலத்தில் சதிர் என்ற பழம்பெயர் நீங்கிப் பரதநாட்டியம் என்ற புதுப்பெயர் வழங்கலாயிற்று. 1930-களில் சென்னை மியூசிக் அகாடமி அதற்கு மேடை தந்தது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். குடும்பப் பெண்கள் சலங்கை கட்டினர். அவர்களுக்கு ஏற்றவாறு பழைய பதங்களும் ஜாவளிகளும் சலித்து எடுக்கப்பட்டன. சிருங்காரம் குறைக்கப்பட்டது, பக்தி மிகுந்தது.

இதனை மறுத்தவர் பாலசரஸ்வதி. 1975-இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, சிருங்காரமே பரதத்தின் தலையாய சுவை என்றும், அதனைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை என்றும் வாதிட்டார். கன்னட நாட்டிலும் இத்தகைய மரபுக்குச் சான்று உண்டு. மைசூர் அரண்மனையில் ஆடிய ஜட்டி தாயம்மாவும், அவர் மாணவி வெங்கடலட்சம்மாவும் அபிநயத்தில் கரைகண்டவர்கள். காதலனை ஏசுவது, இடித்துரைப்பது, கேலி செய்வது எல்லாம் அவர்கள் ஆடிய ஜாவளி மரபில் அடங்கும். அதே வெங்கடலட்சம்மாவை 1965-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் நடனம் கற்பிக்க அழைத்தது. 1992-இல் அவர் பத்ம பூஷண் விருது பெற்றார். அரண்மனையில் ஆடியவர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

கிட்டாதவர்களுக்குத் திரைப்படம் வாயில் திறந்தது. தஞ்சையின் இசைக் குடும்பத்தில் தோன்றிய டி. ஆர். ராஜகுமாரி 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் கணிகையாக நடித்தார். 1948-இல் 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில் நாட்டையே வியக்க வைத்தார். அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஜோதிலட்சுமி 1963-இல் 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் தோன்றிப் பின்னர் தென்னாட்டு மொழிகள் பலவற்றில் காபரே நடனத்துக்கே பெயர் பெற்றார், 2016-இல் மறைந்தார். நடனக்காரியாகத் தொடங்கிய சி.ஐ.டி. சகுந்தலா, 1970-இல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' படத்தின் பெயரையே தம் பெயரோடு சுமந்தவர். அவர் 2024 செப்டம்பரில் நம் பெங்களூரில்தான் காலமானார்.

இரங்கூனில் பிறந்த ஹெலன் போர்க்காலத்தில் அகதியாக இந்தியா வந்தவர். பல நடன முறைகளைப் பயின்று, 1958-இல் 'ஹௌரா பிரிட்ஜ்' படத்து நடனத்தால் புகழின் உச்சியை அடைந்தார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்த ஆண்டு 2009. பாராட்டு வருவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது!

இத்தனை பேரையும் திரையில் கண்டு களித்தோம். விளக்கு எரிந்ததும் அவர்கள் பெயரைச் சொல்லக் கூசினோம். இதுவே அச்சுவரின் இயல்பு.

நான் கண்ட ஆடல்

இனி, சொற்போருக்குக் காரணமான ஆடலைப் பற்றிக் கூறுகிறேன். இந்திரா நகர்ப் பகுதியில் நூறு பேர் கூட அமர இயலாத ஒரு சிறு அரங்கு. பட்டுப்புடவையும் முழு நகையும் அணிந்து, பெண் பார்க்கும் சடங்குக்கு வந்த மணமகளாக அந்நங்கை நுழைந்தார். கையில் காபித் தட்டு. அடுத்து, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராகக் கேட்பதை அபிநயித்தார். மாமியார் வளையலை எண்ணுகிறாள். கழற்றித் தட்டில் வைக்கிறார். மாமனார் ஒட்டியாணத்தை எடை போடுகிறார். அதுவும் தட்டுக்குப் போகிறது. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, வங்கி என்று ஒவ்வொன்றாக இறங்க இறங்க அவையில் சிரிப்பு ஏறியது. இறுதியில் பட்டுப்புடவையையும் ஒரே சுழற்சியில் களைந்தார். உள்ளே இருந்தது நாள்தோறும் அலுவலகம் செல்லும் உடை. கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. அதை மட்டும் அவர் கழற்றவில்லை. இரு விரலால் அதைத் தூக்கிக் காட்டி, ஒரு தீர்மானம் போட்டு நின்றார். பெங்களூர்ப் பெண்கள் அங்கே எழுப்பிய ஆரவாரத்தை நான் எளிதில் மறவேன்.

எல்லா வசைக்கூத்தும் இப்படி முடிவதில்லை. உடலழகே பொருளாக ஆடப்படுவனவும் உண்டு. அவ்விரவிலும் அத்தகைய ஆடல் ஒன்று இருந்தது. ஆனால் அங்கும், எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது, எதைக் காட்டாமலே விடுவது என்ற ஆட்சி ஆடுபவர் கையில் இருந்ததைக் கண்டேன்.

அந்த ஆட்சிக்குத் துணை நின்றது அவர் பெற்ற பயிற்சி. அரைமண்டியில் நின்று பழகிய கால்களுக்கு அசையாமல் நிற்கத் தெரியும். இவ்வாடலில் அசையாமல் நிற்பதே பாதி வேலை. வளையல் தட்டில் விழும் ஒலி சரியாகச் சமத்தில் விழுந்தது. தாளம் கைவராதவர்க்கு அது கூடாது. மாமியாரின் பேராசையும், மணமகளின் வெட்கமும், அவ்வெட்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏளனமும் ஒரே முகத்தில் மாறி மாறித் தோன்றின. பதம் ஆடிப் பழகாத முகத்தில் அவை தோன்றா.

ஆனால் புதிதாகக் கற்க வேண்டியதும் உண்டு. பதத்தில் நாயகி தோழியோடு பேசுகிறாள். அவையோர் ஒட்டுக் கேட்கிறார்கள். வசைக்கூத்திலோ அவள் அவையோரை நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டும். ஒருவன் சீழ்க்கை அடித்தால் அதற்கு ஆட்டத்துக்குள்ளேயே விடை சொல்ல வேண்டும். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனும், நாடக மேடையின் பபூனும் வல்ல வித்தை அது. பரத வகுப்பில் அதைக் கற்பிப்பார் இல்லை. "எனக்கு அதைக் கற்க மூன்றாண்டுகள் ஆயின" என்று நிகழ்ச்சிக்குப் பின் அவர் என்னிடம் கூறினார். மேலும் ஒன்று கூறினார். அவருக்குப் பரதம் கற்பித்த ஆசிரியர், இனி எந்த அறிவிப்பிலும் தம் பெயரைக் குறிப்பிடலாகாது என்று சொல்லியனுப்பினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெங்களூரில் விடுதிகளில் நடக்கும் காபரே, நேரடி இசை, டிஸ்கோ ஆகியவற்றுக்குக் காவல்துறை ஆணையரிடம் உரிமம் பெற வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு ஆணை ஒன்று விதித்தது. விடுதிக்காரர்கள் வழக்காடினர். 2018 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவ்வாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. உரிமம் கேட்பது வேறு. அறவே தடை செய்வது வேறு. மகாராட்டிர அரசு அதே 2005-இல் மதுக்கூடங்களில் நடனத்தைத் தடை செய்தது. ஆனால் நட்சத்திர விடுதிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஏழை பார்த்தால் கேடு, செல்வன் பார்த்தால் கலையோ? உச்சநீதிமன்றம் 2013-இல் அத்தடையைச் செல்லாது என்றது. பின்னர் வந்த சட்டத்தின் கடுமையான விதிகள் சிலவற்றை 2019-இல் நீக்கியது.

இங்கே மறுதரப்பையும் நேர்மையாகக் கூற வேண்டும். கேளிக்கை நடனத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் விரும்பி வந்தவர் அல்லர். கல்கத்தாவின் புகழ்பெற்ற காபரே நடனக்காரி மிஸ் ஷெஃபாலி, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பத்துச் சிறுமி. பிழைப்புக்காகவே ஃபிர்போ விடுதியில் ஆட நுழைந்தார். சத்யஜித் ராய் தம் படங்களில் அவரை நடிக்க வைத்தார். எனினும் வாழ்க்கையின் பிற்பகுதியில் வறுமை அவரை விடவில்லை. 2020-இல் மறைந்தார். பசியால் ஆடுபவளையும் விருப்பால் ஆடுபவளையும் ஒன்றாக எண்ணி, "எல்லாம் விடுதலை" என்று கைதட்டுவது அறியாமை. "எல்லாம் இழிவு" என்று முகம் திருப்புவதும் அறியாமையே.

பயிற்சி பெற்றவளுக்கு ஒரு வலிமை உண்டு. "இதை ஆடேன்" என்று அவளால் சொல்ல முடியும். சொல்லிவிட்டுப் போக வேறொரு மேடை இருக்கிறது. பயிற்சியற்ற ஏழைப் பெண்ணுக்கு அந்த மேடை இல்லை. ஆகவே ஓர் ஆடல் இழிவா உயர்வா என்று அறிய விரும்புவோர் அரங்கின் பெயரைக் கேட்க வேண்டா. மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா? பேசிய கூலி முழுமையாகக் கைக்கு வந்ததா? ஆடி முடித்து அச்சமின்றி வீடு திரும்பினாளா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமானால் அவள் ஆடியது புகழ்க்கூத்தாயினும் வசைக்கூத்தாயினும் குற்றமில்லை. இல்லை என்று வருமானால், அவள் ஆடியது கோயில் மண்டபத்திலேயாயினும் அது இழிவே, அவ்விழிவும் அவளுடையதன்று.

நம் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஒவ்வோர் ஆண்டும் பரதம் இடம் பெறுகிறது. புகழ்க்கூத்துக்கு நம்மிடம் குறைவில்லை. வரதட்சிணையையும் சாதிச் செருக்கையும் போலிப் பெருமையையும் எள்ளி நகையாட, நன்கு பயின்ற கால்களும் கண்களும் நம்மிடையே பல உள்ளன. வரும் விழாவில் ஒரு கால்மணி நேரமேனும் வசைக்கூத்துக்கு இடம் ஒதுக்குமாறு மன்றத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். அடியார்க்குநல்லார் அதனைக் கூத்து வகையுள் சேர்த்துப் பல நூற்றாண்டுகள் ஆயின. நாமும் சேர்த்துக்கொள்ளலாம்.